அறுவடைக்கு முன் ஒரு மனம், பின் ஒரு மனம்

நமது சங்க அலுவலகங்களில் அடிக்கடி நிகழும் ஒரு காரியத்தை முதற்கண் எண்ணிப் பார்ப்போம். அங்கத்தினர் ஒருவர் கடன் மனுவைப் பூர்த்தி செய்து கொடுக்கிறார். ஓரிடத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது. மற்றோரிடத்தில் சர்வே எண் மாறியிருக்கிறது. கொண்டுவர வேண்டிய அடங்கல் நகல் வீட்டிலேயே தங்கிவிட்டது. முன்பே இருமுறை சொல்லியாயிற்று என்று எழுத்தர் சலித்துக்கொள்கிறார். அங்கத்தினர் தலைகுனிந்து திரும்புகிறார். அதே அங்கத்தினர், விளைச்சலை விற்றுப் பணம் கைக்கு வந்த பின்னர், மகளின் திருமணச் செலவுக்கு ஒரு பைசாவும் பிசகாமல் கணக்கு எழுதுகிறார்; யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஏட்டைப் பாராமலே ஒப்பிக்கிறார். இரு வேளையிலும் மனிதர் ஒருவரே, அறிவும் ஒன்றே. அப்படியாயின் அந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?

ஏழை எளியோர் கடனிலும் தவறான முடிவுகளிலும் அகப்பட்டுக்கொள்வதற்கு அவர்களுடைய அறிவுக் குறைவோ, கல்விக் குறைவோ, பொறுப்பின்மையோ காரணம் என்று கூறுவோர் எக்காலத்திலும் உண்டு. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பல்கலைக்கழக அறிஞர்கள் சிலர் அண்மைக் காலத்தில் பரீட்சித்துப் பார்த்தனர். அப்பரீட்சைகளுள் முக்கியமான ஒன்று நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடையே நடந்தது என்பது நம் அங்கத்தினர்களுள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அதன் முடிவுகளையும், அவை நம் போன்ற கூட்டுறவுச் சங்கங்களுக்கு உணர்த்தும் கடமைகளையும் இக்கட்டுரையில் எடுத்துக் கூற விரும்புகிறோம்.

கரும்புச் சீமையில் ஒரு பரீட்சை

வார்விக் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ஆனந்தி மணி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் செந்தில் முல்லைநாதன், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எல்டார் ஷாஃபிர், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞான வார இதழில் வெளியாயிற்று. இவர்களுள் பொருளாதார நிபுணரும் உண்டு; மனோதத்துவ நிபுணரும் உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய இரு மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகளை இவர்கள் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டனர்.

கரும்பு விவசாயியை ஏன் தேர்ந்தெடுத்தனர் என்பதைக் கரும்பு பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறையே வருகிறது. அப்பணம் வந்த சில மாதங்கள் வரை குடும்பம் தாராளமாக மூச்சு விடும். நாட்கள் செல்லச் செல்லக் கை சுருங்கும். அடுத்த வெட்டுக்கு முந்திய மாதங்களில் நகை அடகுக் கடைக்குப் போகும்; கைமாற்று பெருகும். ஆக, ஒரே விவசாயி ஓராண்டுக்குள்ளேயே ஓரளவு செல்வராகவும் இருக்கிறார், வறியவராகவும் இருக்கிறார். செல்வர் ஒருவரையும் ஏழை ஒருவரையும் ஒப்பிட்டால், அவர்களுடைய கல்வி வேறு, குடும்பம் வேறு, வளர்ப்பு வேறு என்று ஆயிரம் ஆட்சேபங்கள் எழும். ஒரே மனிதரை அவருடனேயே ஒப்பிட்டால் அந்த ஆட்சேபங்கள் எழா.

மற்றொரு வசதியும் இருந்தது. எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைப்பது ஆலைக்கு இயலாது. ஆகவே வெட்டு உத்தரவு பல மாதங்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. ஒரே மாதத்தில் ஒருவர் கரும்பு வெட்டிப் பணம் பெற்றிருப்பார். அண்டை நிலத்துக்காரர் உத்தரவை எதிர்நோக்கியிருப்பார். ஆதலால் வெயில், மழை, திருவிழா முதலிய பருவ வேற்றுமைகளால் விளைந்த மாறுதல் இது என்று கூறவும் இடமில்லாமற் போயிற்று.

வெட்டுக்கு முன்பும் பின்பும் விவசாயிகளின் நிலை எவ்வாறிருந்தது? வெட்டுக்கு முன்னர் நூற்றுக்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். பின்னர் அப்படி வைத்திருந்தவர் நூற்றுக்கு 4 பேர் மட்டுமே. வெட்டுக்கு முன்னர் கடன் உள்ளவர் நூற்றுக்கு 99 பேர். பின்னர் 13 பேர். இவ்வெண்களை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 99 என்பது ஏறத்தாழ ஊர் முழுவதும் என்று பொருள். கடன் படுதல் ஒரு சிலரின் தனிப்பட்ட குறை என்றால் இவ்வெண் இவ்வாறிராது. பணம் வரும் காலத்திற்கும் செலவு வரும் காலத்திற்கும் உள்ள இடைவெளியே ஊரைக் கடனில் தள்ளுகிறது என்பது வெளிப்படை.

அறிஞர்கள் வைத்த பரீட்சைகள் இரண்டு. முதலாவது, ஜான் ரேவன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1930-களில் வகுத்த சித்திரப் பரீட்சை. ஒழுங்காக அமைந்த உருவங்களின் வரிசையில் ஓரிடம் காலியாக விடப்பட்டிருக்கும். அங்கே பொருந்தும் உருவம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சேலைக் கரையில் அறுந்துபோன ஓர் உருவை, முன்னும் பின்னும் உள்ள உருக்களைப் பார்த்து நெசவாளர் ஊகிப்பதைப் போன்றது இது. எழுத்தறிவு இதற்கு வேண்டுவதில்லை. இரண்டாவது, மனத்தை அடக்கி ஆளும் திறமைக்கு வைத்த பரீட்சை. '5 5 5' என்று எழுதிக் காட்டி, எத்தனை எண்கள் உள்ளன என்று கேட்பர். 'மூன்று' என்பதே விடை. ஆனால் கண் ஐந்தைப் பார்ப்பதால் வாயும் 'ஐந்து' என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கிச் சரியான விடையை விரைந்து சொல்ல வேண்டும்.

முடிவு தெளிவாக இருந்தது. சித்திரப் பரீட்சையில் வெட்டுக்கு முன்னர்ச் சராசரி 4.35 விடைகள் சரியாக இருந்தன. வெட்டுக்குப் பின்னர் அதே விவசாயிகள் சராசரி 5.45 விடைகளைச் சரியாகக் கூறினர். எண் பரீட்சையை முடிக்க வெட்டுக்கு முன்னர் 146 விநாடிகள் ஆயின. பின்னர் 131 விநாடிகளே போதுமாயின. பிழைகளும் குறைந்தன. அவர்கள் இடையில் பள்ளிக்குச் சென்று படிக்கவில்லை. புதிய பயிற்சி எதுவும் பெறவில்லை. மாறியது கையிருப்பு ஒன்றே.

இரண்டாம் முறை எழுதுவதனால் பழக்கம் ஏற்பட்டு மதிப்பெண் கூடியிருக்கலாம் அல்லவா என்று நம்முள் சிலர் கேட்கக்கூடும். அதனையும் அறிஞர்கள் எதிர்பார்த்திருந்தனர். 100 விவசாயிகளைத் தனியே ஒதுக்கிவைத்து, வெட்டுக்குப் பின்னரே முதல் முறையாக அவர்களுக்குப் பரீட்சை வைத்தனர். அவர்களும் மற்றவர்களைப் போலவே நன்றாகச் செய்தனர். உணவுக் குறைவு, உடலுழைப்பு முதலிய காரணங்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றால் இவ்வேற்றுமையை விளக்க முடியவில்லை.

நினைவு மட்டும் போதும்

இவ்வறிஞர்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி ராஜ்யத்துக் கடைவளாகம் ஒன்றிலும் பரீட்சைகள் நடத்தினர். அங்கே வருவோரிடம், "உங்கள் கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய இவ்வளவு செலவாகும், என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கற்பனைக் கேள்வியைக் கேட்டனர். சிலருக்குச் செலவு 150 டாலர் என்றும், சிலருக்கு 1,500 டாலர் என்றும் கூறினர். அதைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கும்போதே மேற்கூறிய வகைப் பரீட்சைகளை வைத்தனர். 150 டாலர் என்று கேட்டபோது வருமானம் மிகுந்தவரும் குறைந்தவரும் ஒன்று போலவே விடையளித்தனர். 1,500 டாலர் என்று கேட்டபோது வருமானம் மிகுந்தவரிடம் மாறுதல் இல்லை. வருமானம் குறைந்தவரின் மதிப்பெண் மட்டும் இறங்கிவிட்டது. பணச் சம்பந்தமில்லாத பெரிய எண்களைக் கூறியபோது இவ்விளைவு தோன்றவில்லை. ஆதலின் எண்ணைக் கண்ட மிரட்சி இஃதன்று. பணத்தைப் பற்றிய கவலையே ஆகும். ஓர் இரவு முழுவதும் கண் விழித்தவரின் நிலைக்கு இவ்விறக்கம் ஒப்பாகும் என்பது அறிஞர்களின் மதிப்பீடு.

கவனிக்க வேண்டியது யாதெனில், அங்கே யாருடைய காரும் பழுதாகவில்லை. யாரும் ஒரு காசும் செலவிடவில்லை. நினைவு ஒன்றே அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது. மனிதனுடைய கவனம் ஓர் அளவுக்கு உட்பட்டது. நெல் மூட்டைகளால் நிரம்பிய கிடங்கில் உர மூட்டைக்கு இடமில்லாதது போல, நாளைய தவணை, மறுநாள் பள்ளிக் கட்டணம், அதற்கு மறுநாள் வட்டி என்னும் எண்ணங்கள் நிரம்பிய மனத்தில் வேறு காரியங்களுக்கு இடம் குறைந்துவிடுகிறது. கிடங்கு சிறியதன்று; உள்ளே சரக்கு மிகுந்துவிட்டது. இதுவே இவ்வாராய்ச்சியின் சாரம்.

தறிக்காரருக்கும் இது பொருந்துமா?

கரும்புக்காரருக்குச் சரி, அன்றாடம் கூலிக்கு உழைக்கும் நெசவாளருக்கு இஃது எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. சுப்ரீத் கௌர், செந்தில் முல்லைநாதன், சுவான்னா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோர் ஒடிசா மாநிலத்தில் நடத்திய ஆராய்ச்சியை 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அங்கே வேலை குறைந்த பருவத்தில் 408 தொழிலாளர்கள் தையல் இலைத் தட்டுகள் செய்யும் வேலையில் அமர்த்தப்பட்டனர். எத்தனை தட்டோ அத்தனை கூலி. நம் நெசவாளர் பாவுக்கும் சேலைக்கும் கணக்கிட்டுப் பெறும் கூலியைப் போன்றதே அது.

எல்லோருக்கும் கூலி வீதம் ஒன்றே. ஆனால் சிலருக்கு அதுவரை சேர்ந்த கூலி முன்னதாகவே வழங்கப்பட்டது; மற்றவர்களுக்குக் கடைசியில் வழங்கப்பட்டது. முன்னதாகப் பெற்றவர்கள் அப்பணத்தைக் கொண்டு உடனே கடனை அடைத்தனர். வீட்டுக்கு வேண்டிய பொருள்களை வாங்கினர். மறுநாள் முதல் அவர்களுடைய உற்பத்தி நூற்றுக்கு 7 வீதம் உயர்ந்தது. அவர்களுள் மிக வறியவரிடமே இவ்வுயர்வு பெரும்பாலும் காணப்பட்டது. அதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. தைத்த தட்டுகளில் இலைகள் எத்தனை, தையல்கள் எத்தனை, ஒருமுறை குத்தி எடுத்து மீண்டும் குத்திய துளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தனர். கூலி முன்னதாகப் பெற்றவரின் வேலையில் இத்தகைய வீண்பிழைகள் குறைந்திருந்தன. கை விரைந்ததோடு கவனமும் கூர்மையடைந்திருந்தது.

தறியில் அமர்ந்தவருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஊடை ஓடும்போது ஓர் இழை அறுந்ததைக் காணாமல் நான்கு விரற்கடை நெய்துவிட்டால், பிரித்து மறுபடியும் நெய்ய வேண்டும். இல்லையேல் குறைத் துணி என்று கூலியில் பிடித்தம் விழும். கவலை மிகுந்த நாளில் கண் துணியில் இருக்கும். கருத்து கடன்காரரின் வாசலில் நிற்கும். மழைக் காலத்தில் குழித்தறியில் நீர் ஊறிப் பாவும் காயாமல் வேலை நின்றுபோகும் மாதங்கள் நெசவாளருக்கு 'வெட்டுக்கு முந்திய' மாதங்களே. கூலி தாமதமானால் அது நெசவாளரின் அடுப்பை மட்டும் பாதிப்பதில்லை. அடுத்த சேலையின் தரத்தையும் பாதிக்கிறது.

பல கடன்களா, ஒரு கடனா?

சிங்கப்பூர் அறிஞர்கள் சிலர் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியும் இங்கே குறிப்பிடத் தக்கது. அந்நகரில் நெடுங்காலமாகக் கடனில் மூழ்கியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு தர்ம ஸ்தாபனம் கடன் தீர்க்க உதவி செய்தது. உதவிக்கு முன்னும் பின்னும் 196 பேரின் மனநிலையும் சிந்தனைத் திறமையும் அளக்கப்பட்டன. உதவிக்குப் பின்னர்ப் பதற்றம் குறைந்தது, சிந்தனை தெளிந்தது. இதில் வியப்புக்குரியது யாதெனில், தீர்க்கப்பட்ட தொகை சமமாக இருந்தபோதிலும், எத்தனை கடன்கள் அடியோடு முடிந்தன என்பதைப் பொறுத்தே பலன் மிகுந்தது. கூடுதலாக ஒரு கடன் கணக்கு மூடப்பட்டால் பதற்றம் காணப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 11 வீதம் குறைந்தது.

வீட்டு வாடகை பாக்கி ஒன்று, மின்சார பாக்கி ஒன்று, தவணைக் கடன் ஒன்று என்று ஒவ்வொரு கடனும் மனத்தில் ஒரு தனிக் கதவைத் திறந்துவைக்கிறது. தொகை சிறிதாயினும் தேதி வேறு. கேட்கும் ஆள் வேறு. சொல்ல வேண்டிய சமாதானம் வேறு. 'கடனில்லாக் கஞ்சி கால் வயிறு' என்று நம் முன்னோர் வழங்கிய பழமொழியில் வயிற்றை மட்டும் அவர்கள் கருதவில்லை போலும்.

மாறான முடிவுகளும் உண்டு

ஒரு ஆராய்ச்சியைக் கண்டவுடனே அதனை வேதவாக்காகக் கொள்வது முறையன்று. அமெரிக்காவில் குறைந்த வருமானமுள்ளவர்களிடம் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவுகள் 2016-ஆம் ஆண்டில் வெளியாயின. சிந்தனைத் திறமையில் குறிப்பிடத் தக்க வேற்றுமை எதுவும் அதில் காணப்படவில்லை. கடைவளாகத்துப் பரீட்சையின் கணக்கு முறையைப் பற்றியும் வேறு சில அறிஞர்கள் ஆட்சேபம் எழுப்பினர்.

சில வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் வரும் சம்பளத்திற்கும், ஆண்டு முழுவதும் காத்திருந்து பெறும் கரும்புப் பணத்திற்கும் வேற்றுமை உண்டு. சம்பள நாளுக்கு முந்திய நாலைந்து நாட்களின் நெருக்கடி ஒரு வகை. அடுத்த வெட்டு வரை நீளும் பல மாத நெருக்கடி வேறு வகை. தேதி தெரிந்த வரவு ஓரளவு மனத்தைக் காப்பாற்றுகிறது என்றும் இதனைக் கொள்ளலாம். அது நம் சங்கங்களுக்கு ஒரு பாடமாகும். ஆதலின் எல்லா ஏழைகளும் எப்போதும் மனம் குழம்பியிருப்பர் என்று இவ்வாராய்ச்சிகளிலிருந்து முடிவு கட்டுதல் தவறு. நெருக்கடி எவ்வளவு காலம் நீள்கிறது, வரவு எவ்வளவு நிச்சயமானது, கடன் எத்தனை கூறாகப் பிரிந்துள்ளது என்பவற்றைப் பொறுத்தே மனத்தின் சுமை அமையும்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் திரூரில் கடன் சங்கம் தோன்றியதும், விவசாயியை வட்டிக்கொடுமையிலிருந்து மீட்கவே என்பதை நாம் அறிவோம். மீட்கப்படுவது நிலமும் நகையும் மட்டும் அல்ல, மனமும்கூட என்பதே மேற்கண்ட ஆராய்ச்சிகள் நமக்குச் சொல்லும் செய்தி. இதனைக் காரியத்தில் காட்டுவதற்கு நிர்வாகக் குழுவினர் சிந்திக்கத் தக்க சில யோசனைகளை இங்கே கூறுகிறோம்.

முதலாவது, காலம். நெடுநாள் பயன் தரும் முடிவுகளை அங்கத்தினரிடம் கேட்பதற்கு உரிய காலம் அறுவடைக்குப் பிந்திய காலமே. சேமிப்புத் திட்டத்தில் சேர்தல், வாரிசு நியமனம் எழுதுதல், பழைய பத்திரங்களைத் திருத்துதல் முதலியவற்றை அப்போது வைத்துக்கொள்ளலாம். கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனதன் ராபின்சன் ஆகியோர் செய்த ஆராய்ச்சி 2011-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அறுவடை முடிந்து கையில் பணம் உள்ளபோதே உரத்துக்குப் பணம் கட்டும் விவசாயிகளுக்கு, உரத்தை இலவசமாக வீட்டில் கொண்டு சேர்ப்பதாக அங்கே சொல்லப்பட்டது. சிறிய சலுகையே ஆயினும் உரம் வாங்கியோர் தொகை நன்கு உயர்ந்தது. பருவத்தின் பிற்பகுதியில் அதனினும் மிகப் பெரிய விலைக்குறைப்புச் செய்தால் எவ்வளவு பலன் கிடைக்குமோ அவ்வளவு கிடைத்தது. நம் சங்கங்களும் உர முன்பதிவை அறுவடையை ஒட்டி வைத்துப் பார்க்கலாம். நெசவாளரின் சேமிப்புத் தொகை கூலியிலிருந்தே பிடிக்கப்படுவதிலும் இதே நியாயம் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, தேதி. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் விலையைத் தர வேண்டும் என்றும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்க்க வேண்டும் என்றும் விதித்தது. அவ்வட்டி பணத்தின் நஷ்டத்தை ஈடுசெய்யும். காத்திருந்த நாட்களில் மனம் பட்ட பாட்டை ஈடுசெய்யாது. பணப் பட்டுவாடாவுக்கு ஒரு தேதியை அறிவித்து, அத்தேதியை ஒரு விரதம் போலச் சங்கம் காக்க வேண்டும். பல நாள் நெய்ய வேண்டிய சேலைக்கு, பாதி நெய்தவுடன் கூலியில் ஒரு பகுதி தருவதையும் நெசவாளர் சங்கங்கள் யோசிக்கலாம். ஒடிசாவில் கூலி வீதம் ஏறவில்லை. தேதிதான் முன்னே வந்தது என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாவது, கடன்களை ஒன்றுசேர்த்தல். புதிய கடன் வழங்கும்போது, அங்கத்தினருக்கு வெளியே எத்தனை பேரிடம் கடன் உண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து இடத்துச் சில்லறைக் கடன்களை அடைத்து, சங்கத்தில் ஒரே கடனாக, ஒரே தவணைத் தேதியுடன் வைத்துக்கொள்ள விதிகள் இடம் தருமானால், அவ்வுதவி தொகையால் மட்டும் அளக்கத் தக்கதன்று.

நான்காவது, படிவம். ஒரே விவரத்தை மூன்று இடங்களில் எழுதச் சொல்லும் படிவத்தினால் சங்கத்துக்கு எந்த லாபமும் இல்லை. சங்கப் புத்தகத்தில் ஏற்கெனவே உள்ள விவரங்களை எழுத்தரே நிரப்பித் தரலாம். கொண்டுவர வேண்டிய பத்திரங்களை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியை ஒரு வாரம் முன்னதாகத் தொலைபேசி வழியே நினைவூட்டலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

ஐந்தாவது, சொல். நெருக்கடி மாதத்தில் சங்கப் படியேறும் அங்கத்தினர் கண்விழித்த இரவின் களைப்போடு வந்தவருக்குச் சமம் என்று கண்டோம். அவரிடம் ஒரு முறைக்கு இரு முறை பொறுமையாகச் சொல்லுதல் எழுத்தரின் கருணையன்று, கடமை. பிழையைச் சுட்டும்போது மனிதரைச் சுட்டாமல் தாளைச் சுட்டினால் போதும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை

சங்கம் செய்ய வேண்டியதைக் கூறினோம். அங்கத்தினர் தாமே செய்துகொள்ளத் தக்க சிலவும் உண்டு. இவை ஆராய்ச்சியாளரின் விதிகள் அல்ல. அவர்கள் கண்டதிலிருந்து நாம் ஊகித்துக் கூறும் நடைமுறைகள்.

கை வறண்ட மாதத்தில் பெரிய முடிவு எதனையும் தனியே எடுக்காதிருத்தல் நன்று. நிலத்தை ஒத்திக்கு வைத்தல், தறியை விற்றல், புதிய சீட்டில் சேர்தல், முன்பின் அறியாதவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்தல் முதலிய காரியங்களில், வீட்டாரையும் சங்கத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரையும் கலந்துகொள்ள வேண்டும். எந்தப் பத்திரத்தையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்ட பின்னரே கையெழுத்திடுவது என்று வழக்கப்படுத்திக்கொள்ளலாம். ஓர் இரவு கழித்துக் கையெழுத்திட்டால் என்ன என்று கேளுங்கள். 'இப்போதே போட்டாக வேண்டும்' என்று அவசரப்படுத்துபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவருக்கு உங்கள் அறுவடைக் காலமும் தெரியும். அதற்கு முந்திய காலமும் தெரியும். எப்போது வர வேண்டும் என்று அறிந்தே அவர் வருகிறார்.

தேதிகளை மனத்தில் சுமக்காமல் நாட்காட்டியில் குறித்து வைப்பதும் ஒரு சுமை இறக்கமே. பணம் உள்ள காலத்திலேயே பணமில்லாக் காலத்திற்கான முடிவுகளைச் செய்து முடிப்பது அதனினும் நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, நெருக்கடி நாளில் ஒரு கணக்குத் தவறிவிட்டது, ஒரு தேதி மறந்துவிட்டது என்பதற்காகத் தம்மை அறிவிலி என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டுவதில்லை. மனைவி கணவரையும், கணவர் மனைவியையும், பிள்ளைகள் பெற்றோரையும் அவ்வாறு குறைகூறவும் வேண்டா. விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் உட்பட்ட 54 கிராமங்களின் விவசாயிகள், தங்களை அறியாமலே உலகுக்கு ஒன்றை நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். பணம் வந்தபோது அவர்களுக்குப் புதிய அறிவு வந்துவிடவில்லை. முன்பே இருந்த அறிவு விடுதலை பெற்றது. அவ்விடுதலையை ஆண்டுக்குச் சில மாதங்களோடு நிறுத்தாமல் பன்னிரண்டு மாதங்களுக்கும் நீட்டிக்க முயல்வதே, பலர் சேர்ந்து ஒருவர் சுமையைத் தாங்கும் கூட்டுறவின் வேலையாகும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், பட்டுவாடாத் தேதி என்னும் ஒரு பொருளையாவது முதலில் எடுத்துக்கொண்டு முடிவு செய்வார்களானால், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கருதுவோம்.